மான் போய்விட்டது, கை நடுக்கம் மட்டும் ஏன் போகவில்லை?

திருமலை அம்மா எழுதியது:

கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். போன வெள்ளிக்கிழமை பின்னேரப் பூசைக்குத் திருகோணமலைக் கோணேசர் கோயிலுக்குப் போய்விட்டு, மகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டியில் கோட்டைப் பாதையால் இறங்கி வந்தேன். அந்த வழியில் மான் நிற்பது திருமலைக்காரர் எல்லாருக்கும் தெரிந்ததுதான், அதனால் மெதுவாகத்தான் வந்தேன். ஆனாலும் மரத்தடியில் நின்ற ஒன்று திடீரென்று குறுக்கே பாய்ந்தது. பிரேக் பிடிக்க வேண்டும் என்று நான் நினைத்ததாகவே ஞாபகம் இல்லை, கை பிடித்துவிட்டது. மான் ஒரு துள்ளலில் அந்தப் பக்கம் போய்விட்டது. எங்களுக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகுதான் விசயம். கோட்டை வாசலைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். கை நடுங்கிய நடுக்கத்தில் ஹெல்மெட் பட்டியைக் கழற்ற முடியவில்லை. நெஞ்சு அடித்தது பின்னால் இருந்த பிள்ளைக்கே கேட்டிருக்கும். வாய் காய்ந்து நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது. கால் மணித்தியாலம் அப்படியே நின்றோம்.

மகள் இந்த வருசம் சாதாரண தரம் எழுதுகிறாள். விஞ்ஞானத்தில், உடம்பு தன் வேலைகளை இணைத்து நடத்துவது பற்றிய இயைபாக்கம் பாடம் இப்போதுதான் முடித்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் கேட்டாள்: "அம்மா, நரம்புச் செய்தி ஒரு செக்கனுக்குள்ளேயே முடிந்துவிடும் என்று படித்தோம். மான் போய்விட்டது, பயமும் போய்விட்டது. பிறகு உங்கள் கைக்கு யார் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது?" எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுடைய கொப்பியில் ஒரு அட்டவணை இருக்கிறது, ஒரு பக்கம் நரம்பு, ஒரு பக்கம் ஓமோன், ஒன்று வேகம், மற்றது மெது. அதைப் பார்த்தும் எனக்கு விளங்கவில்லை. உடம்புக்கு ஏன் இரண்டு தேவைப்பட்டது, ஒன்று போதாதா?

அப்பா பக்கத்தில் இருந்து கேட்டுவிட்டு, தனக்கும் வெள்ளிக்கிழமைகளில் மத்தியானம் இப்படித்தான் கை நடுங்கி வியர்க்கும், அது விரதக் களை, நீ வீணாக யோசிக்காதே என்றார். ஆனால் மகள் விடுகிறாள் இல்லை. தெரிந்தவர்கள் விளங்கப்படுத்துங்கள்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

தங்கச்சி, நான் உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். மகளின் கேள்விக்கு ஒரு சொல்லில் பதில் வேண்டுமென்றால், இரத்தம். கைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தது உங்கள் இரத்தம்தான். மிச்சத்தை விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ஒரு திருத்தம். நீங்கள் பிரேக் பிடித்ததைப் பிள்ளை தெறிவினை என்று எழுதிவிடக் கூடாது. சூடான தாச்சியில் கைபட்டதும் கையை இழுக்கிறோமே, அதுதான் தெறிவினை. தோலில் இருந்து புலன் நரம்புக்கலம் முதுகெலும்புக்குள் இருக்கும் முண்ணாணுக்குப் போகிறது, அங்கே இடையில் உள்ள நரம்புக்கலம் வாங்கி இயக்க நரம்புக்கலத்துக்குக் கொடுக்கிறது, தசை சுருங்குகிறது. மூளைக்குச் "சுட்டுவிட்டது" என்ற செய்தி போய்ச் சேரும்போது கை ஏற்கெனவே விலகிவிட்டது. பிரேக் பிடிப்பது வேறு. கண் பார்த்து, மூளை அது மான் என்று கண்டு, பல வருசம் ஓடிப் பழகிய கைக்கு உத்தரவு கொடுத்திருக்கிறது. நினைக்காமல் செய்தது போலத் தோன்றுவது பழக்கத்தால்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. மயலின் என்ற கொழுப்பு உறை போர்த்த தடித்த நரம்பு நாரில் கணத்தாக்கம், அதாவது நரம்புச் செய்தி, செக்கனுக்கு 100 மீற்றருக்கு மேலும் ஓடும். கழுத்தில் இருந்து விரல் வரை ஒரு மீற்றர்கூட இல்லை. அப்படியென்றால் பயணத்துக்குச் செக்கனில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான் போகிறது. ஆனால் எதிர்பாராமல் ஒன்று குறுக்கே வந்தால் பிரேக் பிடிக்க அரைச் செக்கனுக்கு மேல் எடுக்கும். அந்த நேரமெல்லாம் பெரும்பாலும் மூளைக்குள், இது என்ன, நான் என்ன செய்ய வேண்டும் என்று தீர்மானிப்பதில் போகிறது. மணிக்கு 30 கிலோமீற்றரில் வந்திருந்தால் அரைச் செக்கனில் 4 மீற்றர் கடந்திருப்பீர்கள். மெதுவாக வந்தது நல்லதாய்ப் போயிற்று.

இனி நெஞ்சு. முதல் அடி, அந்த "திக்" என்ற அடி, நரம்பால் வந்தது. பரிவு நரம்பு என்று ஒரு தொகுதி முண்ணாணில் இருந்து நேராக இதயத்துக்குப் போகிறது, அது ஒரு செக்கன் இரண்டு செக்கனில் வேகத்தைக் கூட்டிவிடும். அதே நேரத்தில் அதே தொகுதியின் இன்னொரு கிளை, சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி இருக்கும் அதிரீனல் சுரப்பியின் நடுப்பகுதியைப் போய்த் தட்டுகிறது. அங்கிருந்து அதிரீனலின் என்ற ஓமோன், அதாவது இரத்தத்தில் கலந்து செய்தி கொண்டுபோகும் பொருள், இரத்தத்தில் கொட்டுகிறது. உடம்பில் கிட்டத்தட்ட 5 லீற்றர் இரத்தம், சும்மா இருக்கும்போதே ஒரு நிமிசத்தில் முழுச் சுற்றும் வந்துவிடும். ஆகவே சில செக்கன்களில் அது இதயத்தைத் தொட்டு, ஒரு நிமிசத்துக்குள் தலை முதல் கால் வரை போய்விட்டது. மான் அதற்குள் காட்டுக்குள் போயிருக்கும்.

கை நடுங்கியது ஏன் என்றால், அதிரீனலின் கை கால் தசைகளிலேயே வேலை செய்கிறது, ஓடவோ பிடிக்கவோ தயாராகத் தசையை முறுக்கி வைக்கிறது. ஈரலில் சேமித்த கிளைக்கோசனை உடைத்துக் குளூக்கோசாக இரத்தத்தில் விடுகிறது, மூச்சுக் குழாயை விரிக்கிறது. வாய் காய்ந்ததும் இந்த ஆயத்தத்தில் ஒரு பங்கு. நீங்கள் ஓடவில்லை, சண்டை பிடிக்கவில்லை, ஸ்கூட்டியில் இருந்துவிட்டீர்கள். ஆயத்தம் எல்லாம் செலவழியாமல் நின்றது, அதுதான் நடுக்கம்.

இரத்தத்தில் உள்ள அதிரீனலின் இரண்டு மூன்று நிமிசத்தில் பாதியாகிவிடும், அப்படியென்றால் ஏன் கால் மணித்தியாலம் என்று மகள் அடுத்ததாகக் கேட்பாள். நீங்கள் அங்கே நின்றுகொண்டு "பிள்ளை விழுந்திருந்தால்" என்று திரும்பத் திரும்ப நினைத்திருப்பீர்கள். ஒவ்வொரு தடவையும் மூளை மறுபடி சுரப்பியைத் தட்டுகிறது. போதாததற்கு கோட்டிசோல் என்ற இன்னொரு ஓமோன் பின்னால் வருகிறது, அது உச்சத்துக்கு வரவே 20, 30 நிமிசம் எடுக்கும். நரம்பு கதவைத் தட்டிவிட்டுப் போய்விடும், ஓமோன் வந்தால் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகும்.


பயோ மாணவன் எழுதியது:

ரீச்சர், இதெல்லாம் சரி. ஆனால் தங்கைக்குப் பரீட்சைக்கு அட்டவணை போதும். நரம்பு வேகம், குறுகிய நேரம், ஒரு இடம். ஓமோன் மெது, நீண்ட நேரம், பல இடம். இதை எழுதினால் புள்ளி கிடைக்கும். அதிகம் படித்தால் குழம்பிவிடுவார்.


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

தம்பி, புள்ளி கிடைக்கும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அட்டவணையை மட்டும் படித்த பிள்ளைகள் உயர்தரத்துக்கு வந்து என்னிடம் தடுமாறுவதை ஒவ்வொரு வருசமும் பார்க்கிறேன், அதனால் இதை விட்டுவிட மனமில்லை.

நரம்பு என்றாலே வேகம் என்பது பாதி உண்மை. கல்லில் கால் விரல் அடிபட்டால் என்ன நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முதலில் சுரீரென்று ஒரு வலி. அது கொஞ்சம் அடங்கும்போது "ஆ" என்று மெல்ல ஏறிவரும் இன்னொரு வலி. இரண்டும் ஒரே அடியில் இருந்துதான் புறப்பட்டன. முதலாவது மயலின் உள்ள நாரில் வந்தது. இரண்டாவது மயலின் இல்லாத மெல்லிய நாரில், செக்கனுக்கு ஒரு மீற்றர் அளவில், கிட்டத்தட்ட நாங்கள் நடக்கிற வேகத்தில், நடந்து வந்தது.

ஓமோன் என்ற கருத்து வந்த கதையையும் சொல்ல வேண்டும், இது எனக்கு மிகவும் பிடித்தது. 1902 இல் இலண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்று இரண்டு பேர். அமிலம் கலந்த உணவு இரைப்பையில் இருந்து சிறுகுடலுக்குள் இறங்கினதும், இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் சதையி என்ற சுரப்பி சாறு சுரக்கிறது. அதை நரம்புதான் சொல்லிச் செய்விக்கிறது என்பது அப்போதைய எண்ணம், ரஷ்யாவில் பவ்லோவும் அப்படித்தான் நம்பினார். இவர்கள் ஒரு நாயில் சிறுகுடலின் ஒரு துண்டுக்குப் போகும் நரம்பு எல்லாவற்றையும் வெட்டிவிட்டு, இரத்தக் குழாயை மட்டும் விட்டு, அந்தத் துண்டுக்குள் அமிலம் விட்டார்கள். நரம்பே இல்லை, ஆனாலும் சதையி சுரந்தது. பிறகு குடலின் உட்சுவரைச் சுரண்டி அமிலத்தோடு அரைத்து வடித்து இரத்தத்தில் ஏற்றினார்கள், அப்போதும் சுரந்தது. குடல் இரத்தம் வழியாகக் கடிதம் போட்டிருக்கிறது! அந்தப் பொருள்தான் செக்ரிட்டின். 1905 இல் ஸ்டார்லிங் இப்படிப்பட்டவற்றுக்கு, தூண்டிவிடுவது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லில் இருந்து ஒரு பெயர் வைத்தார். அதைத்தான் நாங்கள் ஓமோன் என்றும் இந்தியாவில் ஹார்மோன் என்றும் எழுதுகிறோம்.

சரி, ஒன்று கம்பி, ஒன்று இரசாயனம் என்று பிரித்துவிட்டார்கள் என்றால், 1921 இல் ஓட்டோ லோவி அதையும் குழப்பினார். இரண்டு தவளை இதயங்கள், உப்பு நீரில் துடிக்கின்றன. ஒன்றின் நரம்பைத் தூண்டினார், அது மெதுவானது. அதைச் சுற்றியிருந்த நீரை எடுத்து மற்ற இதயத்தில் விட்டார். அந்த இதயத்தின் நரம்பை யாரும் தொடவில்லை, அதுவும் மெதுவானது. நரம்பும் தன் நுனியில் ஒரு இரசாயனத்தைச் சொட்டித்தான் பேசுகிறது என்று அப்போது தெரிந்தது. 1936 இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அப்படியென்றால் நரம்புக்கும் ஓமோனுக்கும் வித்தியாசம் தூரத்தில்தான் இருக்கிறது. நரம்பு நுனியில் சொட்டும் இரசாயனம் ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியைத் தாண்டினால் போதும். ஓமோன் உடம்பு முழுக்கச் சுற்ற வேண்டும். காதுக்குள் சொல்வதும் ஒலிபெருக்கியில் அறிவிப்பதும் போல. கடற்கரையில் ஒலிபெருக்கி கட்டி மண்ணெண்ணெய் வந்திருக்கிறது என்று அறிவித்தால் ஊர் முழுக்கக் கேட்கும், தோணி வைத்திருப்பவர் மட்டும்தான் கலனோடு வருவார். அந்தத் தோணிதான், உடம்புக் கலத்தில் ஓமோனைப் பிடித்துக்கொள்ளும் வாங்கி. வாங்கி இல்லாத கலத்துக்கு ஓமோன் பக்கத்தால் போனாலும் ஒன்றுமில்லை.

ஏன் இரண்டு என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு விரலை மட்டும் மடக்க ஒலிபெருக்கி உதவாது. ஒரு பிள்ளையை 15 வருசம் வளர்க்க, எலும்பு, தோல், குரல் எல்லாவற்றையும் ஒரே காலத்தில் மாற்ற, கோடிக்கணக்கான கலங்களுக்குத் தனித்தனியாகக் கம்பி இழுக்க முடியாது.


கொட்டியாரக்குடா எழுதியது:

நான் படித்தவன் இல்லை ரீச்சர், கடல் தொழில். ஆனால் நீங்கள் நரம்பு பற்றிச் சொன்னதும் பேத்தை மீன் ஞாபகம் வந்தது. வலையில் வந்தால் பந்து மாதிரி ஊதிக்கொண்டு கிடக்கும். எங்கள் அப்பு அதைக் கையில் எடுக்கவே விடமாட்டார், திருப்பிக் கடலில் எறி என்பார். சின்ன வயதில் ஏன் என்று கேட்டதற்கு, தின்றவனுக்கு முதலில் உதடு விறைக்கும், பிறகு நாக்கு, பிறகு கை கால், கடைசியில் மூச்சு, ஆனால் அறிவு மட்டும் தெளிவாக இருக்கும் என்று சொன்னார். எனக்கு அந்தக் கடைசிப் பகுதிதான் பயம். அது நரம்பில்தானே வேலை செய்கிறது? நரம்பு நின்றுவிட்டால் நெஞ்சு மட்டும் எப்படி அடித்துக்கொண்டிருக்கிறது?


இரவு டியூட்டி எழுதியது:

நான் தாதி, தீவிர சிகிச்சைப் பிரிவில் பல வருசம் வேலை செய்திருக்கிறேன். கொட்டியாரக்குடா அண்ணா சொன்ன அப்புவின் பேச்சு அச்சொட்டாக உண்மை. நரம்பு நாரில் சோடியம் உள்ளே பாய்வதற்குச் சின்னச் சின்னக் கதவுகள் இருக்கின்றன, கணத்தாக்கம் ஓடுவதே அந்தக் கதவுகள் வரிசையாகத் திறப்பதால்தான். பேத்தையின் நஞ்சு அந்தக் கதவை அடைக்கிறது. அதற்கு மாற்று மருந்து கிடையாது, நஞ்சு உடம்பை விட்டுப் போகும்வரை கருவியால் மூச்சுக் கொடுத்துக் காப்பாற்றலாம், அவ்வளவுதான். அவித்தாலும் பொரித்தாலும் அந்த நஞ்சு அழியாது. தயவுசெய்து யாரும் பரீட்சித்துப் பார்க்க வேண்டாம்.

நெஞ்சு ஏன் அடிக்கிறது என்றால், இதயம் நரம்பு சொல்லித் துடிக்கிற உறுப்பு இல்லை. அதற்குள்ளேயே தாளம் போடுகிற ஒரு சின்ன இடம் இருக்கிறது. விட்டால் அது நிமிசத்துக்கு 100 தடவை அளவில் துடிக்கும். எங்களுக்கு 70, 75 ஆக இருப்பது மூளையில் இருந்து இறங்கும் வேகஸ் நரம்பு எந்நேரமும் பிரேக்கில் கை வைத்திருப்பதால். ரீச்சர் சொன்ன லோவி தவளையில் தூண்டியதும் அதே நரம்புதான். இதய மாற்றுச் சிகிச்சை செய்தவர்களில் இதை நன்றாகப் பார்க்கலாம். 1967 இல் தென்னாபிரிக்காவில் முதன்முதலாகச் செய்தார்கள். புது இதயத்தை வைக்கும்போது இரத்தக் குழாய்களைத் தைப்பார்கள், நரம்பைத் தைக்க முடியாது. அதனால் அவர்களுடைய நாடி சும்மா இருக்கும்போதே 90, 100 என்று இருக்கும். மாடிப்படி ஏறினால் எங்களுக்கு உடனே நாடி கூடுகிறது, அவர்களுக்குச் சில நிமிசம் கழித்துத்தான் கூடும், ஏனென்றால் இரத்தத்தில் அதிரீனலின் வந்து சேர்ந்தால்தான் அந்த இதயத்துக்குச் செய்தி. ஏறி முடித்து இருந்த பிறகும் உடனே இறங்காது. திருமலை அம்மாவின் மகளுக்கு இதைச் சொல்லுங்கள், நரம்பு இல்லாமல் ஓமோன் மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

கட்டு விரியன் கடித்தவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவர்களை இரவில் கடிக்கும், வலியே பெரிதாக இருக்காது, அதனால் சிலர் கடிபட்டதே தெரியாமல் விடிய எழும்பி, கண் இமை விழுகிறது, விழுங்க ஏலாது என்று வருவார்கள். நரம்பு நுனி தசையோடு பேசுகிற இடத்தை அந்த நஞ்சு கெடுக்கிறது. நரம்பு நல்லது, தசை நல்லது, நடுவில் பேச்சு இல்லை. மூச்சுக் கருவியில் நாட்கணக்கில் அசையாமல் கிடப்பார்கள், ஆனால் நாங்கள் பேசுவது கேட்கும். வீட்டாரைக் கூப்பிட்டு, காதருகில் போய்ப் பேசுங்கள் என்று சொல்வேன். ஒருவருக்கு மகள் வந்து "அப்பா" என்று கூப்பிட்டதும் மொனிற்றரில் நாடி 80 இல் இருந்து 110 க்கு ஏறியது. விரலை அசைக்க முடியாதவர் அப்படிப் பதில் சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

இனி முக்கியமான விசயம். தங்கச்சி, உங்கள் அப்பா வெள்ளிக்கிழமை மத்தியானம் கை நடுங்கி வியர்க்கும் என்று சொன்னார் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாரும் அதைத் தாண்டிப் போய்விட்டீர்கள், எனக்கு அங்கேயே கண் நிற்கிறது. அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறதா? குளிசை போடுகிறாரா? விரத நாளிலும் போடுகிறாரா?


திருமலை அம்மா எழுதியது:

ரீச்சர், அக்கா, எல்லாருக்கும் நன்றி. மகள் உட்கார்ந்து எல்லாவற்றையும் வாசித்தாள்.

அக்கா, அப்பாவுக்குச் சீனி 14 வருசமாக இருக்கிறது. மெற்போமினும் கிளிக்லசைட்டும் போடுகிறார். வெள்ளியில் காலைச் சாப்பாடு இல்லை, பூசை முடிந்து வந்து மத்தியானம்தான் சாப்பிடுவார். குளிசையை மட்டும் காலையில் தவறாமல் போடுவார், மருந்தை விடக் கூடாது என்று டொக்டர் சொன்னதாம். இதில் ஏதும் பிழை இருக்கிறதா?


இரவு டியூட்டி எழுதியது:

இருக்கிறது. பயப்பட வேண்டாம், ஆனால் இந்தக் கிழமையே கவனியுங்கள்.

கிளிக்லசைட் சதையியைத் தட்டி இன்சுலினைச் சுரக்க வைக்கிற குளிசை. சாப்பாடு வந்தாலும் வராவிட்டாலும் அது தட்டும். வயிறு வெறுமையாக இருக்க இன்சுலின் கூடினால் இரத்தத்தில் சீனி கீழே போகும். மூளைக்குச் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, உடம்பு எடையில் ஐம்பதில் ஒரு பங்குதான் அது, ஆனால் உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கை அது எடுக்கிறது. சீனி 70 க்கு (mg/dl) கீழே இறங்கும்போது மூளை பயந்துபோய் அதிரீனல் சுரப்பியைத் தட்டுகிறது. அதே சுரப்பி, அதே அதிரீனலின். உங்களுக்கு மானைக் கண்டு வந்த நடுக்கமும் அப்பாவுக்கு வெள்ளிக்கிழமை வருகிற நடுக்கமும் ஒரே நடுக்கம்தான். ஈரலில் இருக்கிற சீனியை வெளியே விடு, எங்கேயாவது சாப்பாடு தேடு என்று அது சொல்கிறது. களை என்று சொல்லி அதை அடக்கிக்கொண்டு இருக்கக் கூடாது. பல வருசம் சீனி இருந்தவர்களில், அடிக்கடி இப்படி இறங்கினால், இந்த எச்சரிக்கை மணியே மங்கிவிடும். நடுக்கம் வராமல் நேரடியாகத் தடுமாற்றம், மயக்கம் என்று போகும். இதயத்துடிப்பைக் குறைக்கிற சில பிறசர் குளிசைகளும் நடுக்கத்தை மறைத்துவிடும், வியர்வை மட்டும்தான் தெரியும்.

அடுத்த தடவை நடுக்கம் வந்த உடனே விரலில் குத்திச் சீனி பாருங்கள். 70 க்குக் கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனி தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிசத்தில் திரும்பப் பாருங்கள், பிறகு சாப்பாடு கொடுங்கள். மெசின் கைவசம் இல்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், சீனியைக் கொடுத்துவிடுங்கள். நினைவு தடுமாறினால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். விரதத்தைப் பற்றிக் கிளினிக்கில் வாய்திறந்து சொல்லுங்கள். நோன்பு காலத்தில் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து ஆட்கள் பலர் முன்கூட்டியே வந்து மருந்து நேரத்தை மாற்றிக் கேட்டுக்கொண்டு போவார்கள், எங்கள் ஆட்களும் அப்படிச் செய்ய வேண்டும்.

இன்னொன்று. 14 வருசம் என்றீர்கள். கூடின சீனி பல வருசம் நின்றால் நரம்பு கெடும், அதுவும் நீளமான நரம்பில்தான் முதலில் தெரியும். உடம்பில் மிக நீளமானது இடுப்பில் இருந்து கால் விரல் வரை போகிறது, ஆகவே விரல் நுனிதான் முதலில் விறைக்கும். பிறகு சொக்ஸ் போட்டது மாதிரி மேலே ஏறும். அப்படியானவர்கள் உச்சி வெயிலில் செருப்பில்லாமல் கோயில் வீதியைச் சுற்றி, கால் கொப்பளித்ததே தெரியாமல் இரவில் வந்து காட்டுவார்கள். சூடு பட்டால் கால் தானே விலகும் என்று ரீச்சர் சொன்ன தெறிவினைக்கு முதல் படியே செய்தி புறப்படுவதுதானே, புறப்படாவிட்டால் கால் அங்கேயே நிற்கும். அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒரு செக்கன், இரண்டு செக்கன் மெதுவாகத் தொடுங்கள், அழுத்தவோ தட்டவோ வேண்டாம். எந்தக் கால் என்று அவர் சொல்ல வேண்டும். ஆறில் இரண்டு தவறினாலே காட்ட வேண்டும்.


கைக்குழந்தைக்காரி எழுதியது:

எனக்கும் ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. மகன் பிறந்து நாலு மாதம். பக்கத்து வீட்டுக் குழந்தை அழுதால்கூட எனக்குப் பால் சுரந்து சட்டை நனைகிறது. இதுவும் நரம்பும் ஓமோனும் சேர்ந்த வேலையா?


உப்புவெளி ரீச்சர் எழுதியது:

ஆம் தங்கச்சி, அதுவும் அதன் மிக அழகான வேலை. அழுகைச் சத்தம் காதில் இருந்து நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. மூளையின் அடியில் பரிவகக்கீழ் என்ற இடத்தில் உள்ள நரம்புக்கலங்கள் ஒட்சிற்றோசின் என்ற ஓமோனைச் செய்து, தங்கள் நீண்ட முளைகள் வழியாக, அதற்குக் கீழே இருக்கும் கபச்சுரப்பியின் பின்பக்கத்துக்கு அனுப்பி, அங்கிருந்து இரத்தத்தில் விடுகின்றன. இரத்தம் மார்புக்குக் கொண்டுபோகிறது, பால் வெளியே தள்ளப்படுகிறது. பாதி வழி நரம்பு, பாதி வழி இரத்தம். அந்தக் கலத்தைப் பார்த்து இது நரம்பா சுரப்பியா என்று கேட்டால் நான் இரண்டும்தான் என்பேன். அதிரீனல் சுரப்பியின் நடுப்பகுதியும் அப்படித்தான், கருவில் அது நரம்புக்கலங்கள் வந்த அதே இடத்தில் இருந்து வந்தது. அட்டவணையின் நடுக்கோட்டில் இவர்களை எந்தப் பக்கம் போடுவது என்று பயோ மாணவன் தம்பி சொல்லட்டும்.


பயோ மாணவன் எழுதியது:

விளங்கிவிட்டது ரீச்சர். கோட்டுக்கு மேலே எழுத வேண்டும்.


திருமலை அம்மா எழுதியது:

ஒரு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், அக்காவுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை 12 மணி போல அப்பா திண்ணையில் இருந்தபடி வியர்க்கத் தொடங்கினார். மகள்தான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். பார்த்தால் 58. சீனித் தண்ணீர் கொடுத்தோம், கால் மணித்தியாலத்தில் 84, நடுக்கமும் அடங்கிவிட்டது. இத்தனை வருசமும் அதைக் களை என்று நாங்களும் நம்பிக்கொண்டிருந்தோம். திங்கட்கிழமை கிளினிக்கில் எல்லாவற்றையும் சொன்னோம், விரத நாளுக்கு மருந்தை மாற்றி எழுதித் தந்திருக்கிறார்கள்.

மகள் இப்போது வீட்டில் எல்லாரையும் பிடித்து வைத்து அடிமட்டத்தை விழவிட்டுப் பிடிக்கச் சொல்கிறாள். அவள் 17 சென்ரிமீற்றரில் பிடித்தாள், கணக்குப் பார்த்தால் கை பிடிக்க எடுத்த நேரம் 0.19 செக்கனாம். அப்பா 26 இல் பிடித்தார், 0.23. இவ்வளவுதானா வித்தியாசம் என்று அவருக்குச் சரியான சந்தோசம்.

காலையும் பார்த்தோம். இடது காலில் மூன்றும் சரியாகச் சொன்னார். வலது காலில் பெருவிரலைச் சொன்னார், நடுவிரலைச் சொன்னார். சின்னவிரலில் மகள் விரலை வைத்துக்கொண்டு இருந்தாள், அவர் கண்ணை மூடியபடி "தொடு பிள்ளை, ஏன் நிற்கிறாய்" என்றார். ஆறில் ஒன்றுதான் தவறியது, ஆனாலும் அடுத்த கிளினிக்கில் அதையும் காட்டுவோம். கோயிலுக்கு இனி வெயில் தாழ்ந்த பிறகுதான் கூட்டிக்கொண்டு போகிறேன், கோட்டைப் பாதையில் இன்னும் மெதுவாக.